நடவுக்கு யாரை இறக்குவது?

தை அறுவடை முடிந்து வைக்கோல் கட்டு ஏறுவதற்குள், வரும் சம்பா நடவுக்கு முன்பணம் கேட்டு, மேற்கு வங்கத்திலிருந்து ஆட்களைக் கூட்டிவரும் ஏஜென்ட் வந்துவிட்டார். இப்போதே பேசிவைத்தால் விலை குறைவு, புரட்டாசியில் கேட்டால் ஆள் கிடைக்காது என்கிறார். திருவாரூர் மாவட்டத்தில் எங்கள் ஊரில் மட்டும் நடக்கிற கதை அல்ல இது. நாகை, மயிலாடுதுறை, தஞ்சாவூர்ப் பக்கமும் இதே பேச்சுதான்.

எங்கள் ஊர் விவசாயிகள் கூட்டத்தில் அந்தப் பேச்சு சண்டையாகவே ஆகிவிட்டது. மேற்கு வங்கத்து நடவு ஆட்களை இறக்கிவிடலாம் என்றார்கள் சிலர். வெளிமாநிலத்தவரை ஊர் எல்லைக்குள் விடவே கூடாது, தீர்மானம் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள் என்றார்கள் வேறு சிலர். இரண்டும் வேண்டாம், நடவு மெஷினை வாடகைக்கு எடுப்போம் என்றார்கள் இளவட்டங்கள். பேசாமல் நேரடியாக விதைத்துவிட்டுப் போய்விடலாம் என்று பின்வரிசையில் முணுமுணுப்பு. முடிவு சொல்ல வேண்டியவர்களில் நானும் ஒருவன் என்பதால் ஒவ்வொரு வழியையும் எழுதிப் பார்க்கிறேன்.

தீர்மானம் கேட்டுக் குரலை உயர்த்தியவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். அதைச் சொல்லி அவர்கள் வாயை அடைக்கப் பார்த்தார் ஒருவர். கைதட்டல் கிடைத்தது, ஆனால் அது பதில் அல்ல. மகன் வெளிநாட்டில் சம்பாதிக்கிறான் என்பதற்காக உள்ளூர்க் கூலி சரிவதைப் பற்றித் தகப்பன் வாய் திறக்கக் கூடாதா? ஆனாலும் அப்படிப் போகிறவர்களைச் சிங்கப்பூர் போன்ற நாடுகள் எப்படி அளந்து அளந்து உள்ளே விடுகின்றன என்பது நம் முடிவுக்கு உதவும். அதைப் பிறகு பார்ப்போம். முதலில் வயல்.

சம்பாவில் நாள்தான் எல்லாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டித் தொடங்கும். அதற்குள் நட்ட நாற்று பச்சை பிடித்திருக்க வேண்டும். மேட்டூர்த் தண்ணீர் வந்து, சேறடித்து, நாற்று தயாராகும்போது எல்லா வயலும் ஒரே நேரத்தில் ஆள் கேட்கும். ஒரு ஏக்கரை, அதாவது மூன்று மாவை, ஒரே நாளில் நட்டு முடிக்கப் பத்துப் பன்னிரண்டு பேர் வேண்டும். ஆண்டின் பெரும்பகுதி வேலை இல்லாமல் கிடக்கும் ஊர், அந்த மூன்று நான்கு வாரத்தில் மட்டும் ஆள் பஞ்சத்தில் தவிக்கிறது. “ஆளே இல்லை” என்று கூட்டத்தில் சொல்லப்பட்டதை நான் இந்த அளவோடுதான் எடுத்துக்கொள்கிறேன்.

உள்ளூர்ப் பெண்கள்

எங்கள் ஊரில் நடவு என்றால் பெண்கள். நாற்று பறிப்பது, முடி கட்டுவது, சுமந்து போய் வீசுவது ஆண்கள் வேலை, ஊன்றுவது பெண்கள். அப்படி ஊன்றும் கைகள் இப்போது நாற்பத்தைந்து வயதைத் தாண்டிவிட்டன. அவர்களுடைய மகள்கள் படித்தார்கள், திருப்பூருக்கும் சென்னைக்கும் போனார்கள். அதில் வருத்தப்பட எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குனிந்த முதுகோடு மகளும் நட வேண்டும் என்று எந்தத் தாயும் ஆசைப்படவில்லை.

நூறு நாள் வேலைதான் ஆளைக் கெடுத்துவிட்டது என்று கூட்டத்தில் வழக்கம்போல் ஒருவர் ஆரம்பித்தார். 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு அந்தத் திட்டத்தில் வைத்த நாள் கூலி 336 ரூபாய். அதைவிடக் குறைத்துக் கேட்க முடியாமல் போனது என்பதுதான் நம் ஆட்களின் கோபத்தின் சாரம். 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய புதிய சட்டம் நாட்களை 125 ஆக உயர்த்திவிட்டு, விதைப்பும் அறுவடையும் உச்சத்தில் இருக்கும் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு வழி செய்திருக்கிறது. விவசாயிக்கு ஆள் கிடைக்க வேண்டும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். பெண்ணுக்குக் கையிலிருந்த இன்னொரு வேலையை நிறுத்திவிட்டு என் வயலுக்கு வரவைப்பதும் ஒருவகைப் பாதுகாப்புதான், பாதுகாக்கப்படுகிறவன் நான்.

உள்ளூர் ஆட்களின் அருமை நடவு நாளில் தெரியாது, பத்து நாள் கழித்துத்தான் தெரியும். எந்த மூலையில் தண்ணீர் தேங்கி நாற்று அழுகும், எந்த வரப்போரம் நண்டு வெட்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அழுகிய இடத்தில் மறுபடி ஊன்ற வருவார்கள். களை எடுக்க வருவார்கள். கூலியை இரண்டு தவணையாகக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்வார்கள். அவசரத்துக்கு என்னிடம் கைமாற்றும் கேட்பார்கள். குறை, எண்ணிக்கைதான். ஊரில் நட வரக்கூடிய எல்லாரையும் சேர்த்தாலும் பாதி நிலத்துக்குத்தான் உரிய நாளில் கை எட்டும்.

வங்கத்து ஆட்கள்

இவர்கள் ஏன் நம் சம்பாவுக்குக் கிடைக்கிறார்கள் என்பதை யாரும் யோசிப்பதில்லை. வங்கத்தில் ஆமன் நெல்லை ஆடி ஆவணியில் நட்டுவிடுகிறார்கள். அறுவடை கார்த்திகை மார்கழியில். இடையில் புரட்டாசியும் ஐப்பசியும் அங்கே வேலையற்ற மாதங்கள். நமக்கு ஆள் தேவைப்படும் அதே வாரங்களில் அவர்கள் சும்மா இருக்கிறார்கள். நெல் நட்டே வளர்ந்த கை என்பதால் கற்றுக்கொடுக்க ஒன்றுமில்லை. நாற்று பறிப்பதிலிருந்து ஊன்றி முடிப்பது வரை மொத்தமாகக் காண்ட்ராக்ட் பேசுகிறார்கள். ஆண்களே நடுகிறார்கள், எங்கள் ஊர்க் கிழவிகளுக்கு அது இன்னமும் வேடிக்கை. விடியலில் இறங்கினால் இருட்டும்வரை. வரிசை நேராக இருக்கிறது. ஊன்றும் நாற்றும் அளவாக இருக்கிறது.

இனி விலை. எங்கள் பக்கத்துப் பேச்சு விலையை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். உள்ளூரில் பன்னிரண்டு பெண்களுக்கு ஆளுக்கு 400 ரூபாய், நாற்று பறித்துச் சுமக்கும் ஆண்கள் இருவருக்குத் தலா 600 என்றால் ஏக்கருக்கு 6,000 ஆகிறது. ஏஜென்ட் 4,800 சொல்கிறார். 1,200 ரூபாய் மிச்சம் என்று எல்லாரும் அத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த 1,200 எங்கிருந்து மிச்சமாகிறது?

பன்னிரண்டு பேர் கோஷ்டி ஒரு நாளில் இரண்டு ஏக்கர் நட்டால் 9,600 ரூபாய், தலைக்கு 800. ஏஜென்ட் ஏக்கருக்கு 800 எடுத்துக்கொண்டால் தலைக்கு 667-ஐ ஒட்டி இறங்குகிறது. ரயில் கட்டணமும் அரிசி, உருளைக்கிழங்குச் செலவும் அதிலிருந்துதான். வேலை நேரம் பன்னிரண்டு மணி. அதாவது மணிக்கு 55 ரூபாய். நம் பெண்கள் காலை எட்டுக்கு இறங்கி இரண்டரைக்குக் கரையேறினால் மணிக்கு 61 ரூபாய் வருகிறது. ஏஜென்டின் பங்கை அந்தக் கோஷ்டிக்கே கொடுத்தால் அவர்களுக்கு மணிக்கு 66 ஆகிவிடும். வங்கத்தான் மலிவாக வருகிறான் என்று சொல்வது பாதிதான் உண்மை. நீண்ட நேரம் உழைக்கிறான், குடும்பத்தை விட்டு வந்திருப்பதால் உழைக்க முடிகிறது. அது அவன் விருப்பம். அவன் கூலியை நம் பெண்களின் கூலிக்குக் கீழே தள்ளுவது ஏஜென்டின் கை. அவன் ஊரிலேயே ஏஜென்ட் முன்பணம் கொடுத்துக் கூட்டிவந்திருப்பதால் வேறு யாரிடமும் போய் விலை பேச அவனால் முடியாது.

நம் தாத்தாக்களுக்கு இந்த ஏற்பாடு தெரியும். மலேயா ரப்பர்த் தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்த கங்காணியும் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றுவதற்கு முன் இதே முன்பணத்தைத்தான் கொடுத்தார். 

குறைகளும் உண்டு. கோஷ்டி அடுத்த ஊருக்குப் போனபின் அழுகிய நாற்றுக்கு ஆள் கிடையாது. தங்க இடம் கொடுக்க வேண்டும். பம்ப்செட் கொட்டகையில் பன்னிரண்டு பேரை அடைத்து, கழிப்பறைக்கு ஆற்றங்கரையைக் காட்டுகிற ஊர்கள் இருக்கின்றன. இன்னொன்று, ஒரே இரவில் காலியாகிவிடும் ஆபத்து. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயில் ஏறினார்கள். பீகார் அரசு ஒரு குழுவையே இங்கே அனுப்பியது. 2025-ல் ஒடிசாவிலும் ஹரியானாவிலும் வங்காளம் பேசுகிறவர்களைப் பங்களாதேஷ்காரர்கள் என்ற சந்தேகத்தில் பிடித்து வைத்தார்கள். எங்கள் கூட்டத்திலும் ஒருவர் அதைக் கேட்டார். அடையாள அட்டையைப் பார்த்துக்கொள்வது சரி. மேற்கு வங்கத்தவர் இந்தியக் குடிமக்கள், அவ்வளவுதான்.

மெஷின், விதைப்பு

நடவு மெஷினுக்கு அரசின் ஆதரவு இருக்கிறது. 2024 குறுவைப் பருவத்துக்கான சிறப்புத் தொகுப்புத் திட்டத்தில் இயந்திர நடவுக்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய் மானியம் கொடுத்தார்கள். பாய் நாற்றங்காலில் இரண்டு வார நாற்று போதும், விதையும் குறைவு. சமமான வயலில் ஒரு ஏக்கர் நட இரண்டு மணி நேரம்கூட ஆகாது. மேட்டு வயல் வைத்திருக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. இதில் வாதாட ஒன்றும் இல்லை.

தாழ்ந்த வயலில்தான் சிக்கல். எங்கள் பக்கத்துக் களியில் சக்கரம் இறங்கிவிடும். சம்பா நேரத்தில் ஒரு மழை பெய்து ஒரு சாண் தண்ணீர் நின்றால் இரண்டு வார நாற்று தலையே காட்டாது. எல்லாரும் ஒரே வாரத்தில் கேட்பதால் மெஷினுக்கும் வரிசைதான். ஆளுக்குக் காத்திருப்பதற்குப் பதில் மெஷினுக்குக் காத்திருக்கலாம்.

கூட்டத்தில் யாரும் தொடாத ஒரு விஷயம் இருக்கிறது. அறுவடை மெஷின்களான பெல்ட் வண்டிகள் ஆத்தூர், சேலம் பக்கத்திலிருந்து வருகின்றன. ஓட்டுகிறவரும் வெளியூர்தான். அவை வந்த பிறகு எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அறுப்பு வேலை என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. கதிர் அறுத்த கூலியாக நெல்லைச் சாக்கில் கட்டிக்கொண்டு போன குடும்பங்கள் ரேஷன் அரிசிக்கு வந்தன. அன்றைக்கு யாரும் தீர்மானம் கேட்கவில்லை. வேலையைக் கொண்டுபோவது மனிதனாக இருந்தால்தான் நமக்குக் கோபம் வருகிறது போலிருக்கிறது.

நேரடி விதைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் தாமதமாக வரும் கடைமடையில், தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம், சம்பாவைப் பெரும்பாலும் விதைக்கத்தான் செய்கிறார்கள். நடவுச் செலவே இல்லை, பயிரும் ஒரு வாரம் பத்து நாள் முந்தி வரும். களை மண்டும், களைக்கொல்லி இல்லாமல் ஓடாது. முளைத்த வாரத்தில் கனமழை பிடித்தால் மறுபடி விதைக்க வேண்டும். எங்கள் ஊரில் வடிகால் உள்ள வயல்களுக்குச் சரி, மற்றவற்றில் சூதாட்டம்.

தடுத்தால் என்ன ஆகும்?

இப்போது தீர்மானத்துக்கு வருகிறேன். சட்டப்படி அது நிற்காது. நாட்டின் எந்தப் பகுதிக்கும் போக, தங்க, தொழில் செய்ய அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு குடிமக்களுக்கு உரிமை தருகிறது. மாதம் 30,000 ரூபாய் வரையிலான தனியார் வேலைகளில் 75 சதவீதம் உள்ளூராருக்கு என்று ஹரியானா 2020-ல் கொண்டுவந்த சட்டத்தை, பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ரத்து செய்துவிட்டது. கர்நாடகம் 2024 ஜூலையில் அதுபோன்ற மசோதாவுக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்து, சில நாட்களிலேயே நிறுத்திவைத்தது. சட்டமன்றங்களுக்கே முடியாததை ஊர்க்கூட்டம் செய்ய முடியுமா என்று கேட்கலாம். ஆனால் ஊர்க் கட்டுப்பாடு கோர்ட்டைப் பார்த்து நடப்பதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் சட்டத்தோடு நிறுத்தாமல், தீர்மானம் நியாயமா என்றும் பார்த்தாக வேண்டும்.

இந்த மண்ணில் அதைப் பேசும்போது கீழ்வெண்மணியைத் தாண்டிப் போக முடியாது. அன்றைய கீழத்தஞ்சையில் கூலி நெல்லை உயர்த்திக் கேட்டு, செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்த விவசாயத் தொழிலாளர்களை மடக்க மிராசுதார்கள் கையாண்ட வழிகளில் ஒன்று, வெளியூர் ஆட்களை அறுவடைக்கு இறக்குவது. அந்த மோதலின் முடிவில் 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசைக்குள் 44 தலித் மக்கள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். “உள்ளூர் ஆளுக்கு முதலில் வேலை” என்பது அன்று கூலி கேட்டவர்களின் கோரிக்கை. வெளியாட்களின் மேல் பகைமை என்று அதைச் சொல்பவர்களுக்கு இந்த வட்டாரத்து வரலாறு தெரியாது. கூலியை முறிக்கக் கொண்டுவரப்படும் ஆளை எதிர்ப்பது வேறு, பிழைக்க வரும் ஆளை எதிர்ப்பது வேறு என்று அன்றைய சங்கத்தார் அறிந்திருந்தார்கள். அதன் பிறகு கூலிப் பிரச்சினையை விசாரிக்கக் கணபதியா பிள்ளை ஆணையம் வந்தது, 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கூலி இவ்வளவு என்று சட்டமே எழுதிவைத்தது.

அதே 1968-ல் கடலுக்கு அப்பால் தமிழர்கள் எதிர்ப்பக்கத்தில் நின்றார்கள். மலேசியா அந்த ஆண்டு ஒரு சட்டம் போட்டது: குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். தலைமுறையாகத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியும் குடியுரிமைத் தாள் இல்லாத தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். ‘ரஜூலா’ கப்பலில் நாகப்பட்டினத்துக்குத் திரும்பி வந்த குடும்பங்கள் இன்றும் இந்த மாவட்டங்களில் இருக்கின்றன. 

இன்றைய சிங்கப்பூர் இரண்டு கருவிகளை வைத்திருக்கிறது. ஒன்று கோட்டா: 2024 ஜனவரி முதல் கட்டுமான நிறுவனம் உள்ளூர் ஊழியர் ஒருவருக்கு ஐந்து வெளிநாட்டவரை வைத்துக்கொள்ளலாம், அதற்கு முன் ஏழு. இன்னொன்று லெவி: நம்மைப் போன்ற நாடுகளிலிருந்து கட்டுமானத்துக்குப் போகிறவர் தேர்ச்சித் தகுதி பெற்றிருந்தால் முதலாளி மாதம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), இல்லாவிட்டால் 900 வெள்ளி அரசுக்குக் கட்ட வேண்டும். என் மைத்துனர் அங்கே சாரம் கட்டுகிறார். தனக்காக அரசாங்கத்துக்குப் போகும் தொகை தன் அடிப்படைச் சம்பளத்தை நெருங்குகிறது என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். வெளிநாட்டு ஆள் மலிவாகத் தெரியக் கூடாது என்பதற்காகப் போட்ட வரி அது. உள்ளூர்க்காரரின் கூலியை அது எவ்வளவு காத்தது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பணம் தொழிலாளியின் கைக்கு வரவில்லை. அவர் சம்பளத்தை உயர்த்திக் கேட்டால் முதலாளி காட்டும் முதல் காரணமும் அதுதான். வேலை அனுமதி ஒரு முதலாளியோடு கட்டப்பட்டிருப்பதால், பிடிக்கவில்லை என்று நினைத்த நேரத்தில் வேறு இடத்துக்குப் போய்விடவும் முடியாது. போவதற்கு ஊரில் ஏஜென்டுக்குக் கொடுத்த கடனையே அடைக்க ஓராண்டு ஓடிவிடுகிறது.

மற்ற நாடுகளும் இந்த வரிசையில்தான் நிற்கின்றன. சவூதி அரேபியா 2011-ல் ‘நிதாகத்’ கொண்டுவந்து, உள்நாட்டவரை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து நிறுவனங்களுக்கு நிறம் கொடுத்தது; சிவப்பு விழுந்த நிறுவனத்து ஆட்களுக்கு அனுமதி புதுப்பிப்பதே சிக்கலாயிற்று. அமெரிக்கா 2025 செப்டம்பரில் எச்-1பி என்ற வேலை விசாவுக்கான புதிய விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் வைத்தது. தஞ்சாவூரில் பொறியியல் படித்த பிள்ளைக்கும் சாரம் கட்டும் என் மைத்துனருக்கும் பிரச்சினை ஒன்றுதான், தொகைதான் வேறு.

தடுத்துப் பார்த்த ஓர் அனுபவம் விவசாயத்திலேயே இருக்கிறது. அமெரிக்கா 1942 முதல் ‘பிராசெரோ’ என்ற ஏற்பாட்டில் மெக்சிகோவிலிருந்து பண்ணை ஆட்களைப் பருவத்துக்கு வரவழைத்தது. அவர்களால் உள்ளூர்க் கூலி சரிகிறது என்று சொல்லி 1964 முடிவில் அதை நிறுத்திவிட்டது. கூலி உயர்ந்ததா? மைக்கேல் கிளெமன்ஸ் உள்ளிட்ட மூன்று பொருளாதார அறிஞர்கள் பழைய கூலிப் பதிவுகளைத் தோண்டி 2018-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மெக்சிகோ ஆட்களை அதிகம் நம்பியிருந்த மாநிலங்களில் கூலி, அவர்களே இல்லாத மாநிலங்களைவிட வேகமாக ஏறவில்லை. பண்ணையார்கள் தக்காளி பறிக்க மெஷின் வாங்கினார்கள். மெஷின் வராத பயிர்களைக் குறைத்துக்கொண்டார்கள்.

எங்கள் ஊரிலும் இதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன். வங்கத்து ஆட்களைத் தடுத்தால் ஏக்கருக்கு 6,000 கொடுத்து உள்ளூர்ப் பெண்களுக்காகக் காத்திருக்க எத்தனை பேர் தயார்? முதல் ஆண்டு முணுமுணுப்பார்கள். இரண்டாம் ஆண்டு பாதி வயலில் விதைப்பு, மீதியில் மெஷின். நடவே போய்விட்டால் அதோடு நாற்று பறிப்பும் போகும், கை களையும் போகும். அறுப்பு போனதுபோல. தீர்மானம் யாருக்காகப் போடப்படுகிறதோ அந்தப் பெண்களுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. மறுபக்கம், இப்போது நடப்பதுபோல ஏஜென்ட் சொன்ன விலைக்கு இறக்கிக்கொண்டே போனாலும் முடிவு அதேதான்: 4,800 என்பதே ஊர் விலையாகி, அந்த விலைக்கு நம் பெண்கள் ஏன் குனிய வேண்டும் என்று நின்றுவிடுவார்கள்.

ஆகவே நான் சொல்லப்போகும் யோசனை ஊர்ப்பேரைப் பார்க்காமல் கூலியைப் பிடிக்கிறது. யார் நட்டாலும் ஏக்கருக்கு 6,000 ரூபாய். வங்கத்து ஆட்களுக்கும் அதே தொகை, அதுவும் கோஷ்டியின் ஒவ்வொரு ஆளின் கையிலோ கணக்கிலோ. விலை ஒன்றாகிவிட்டால் வெளியாளைக் கூப்பிட மலிவு என்ற காரணம் இருக்காது; ஆள் பற்றாக்குறை என்ற காரணம் மட்டும் இருக்கும். அது உண்மையான காரணம். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பது என் கண்டுபிடிப்பும் அல்ல. மாநிலம் விட்டு மாநிலம் காண்ட்ராக்டில் போகும் தொழிலாளர்களுக்கான 1979 சட்டமே அதைச் சொல்லியிருந்தது. அந்தச் சட்டம் இப்போது, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுக்குள் கரைந்துவிட்டது. போகவரப் பயணப்படி புதிய சட்டத்திலும் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அதை யாரும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

முறை வைப்பதில் உள்ளூருக்கு முதலிடம் கொடுக்கலாம், அதில் எனக்குத் தயக்கம் இல்லை. தெற்குத் தெரு, காலனித் தெருப் பெண்களிடம் ஆவணி நடுவிலேயே கேட்டு, எந்தெந்த வயலை எடுக்கிறார்கள் என்று எழுதிக்கொள்வது. மேட்டு வயல் மெஷினுக்கு. மிஞ்சிய தாழ்ந்த வயல்கள் வங்கத்து ஆட்களுக்கு. அவர்கள் நட்ட வயலிலும் அழுகிய இடத்தை நிரப்புவதும் களை எடுப்பதும் உள்ளூர்ப் பெண்களுக்கே, தனிக் கூலியில். தங்க, ஊர்ச் சமுதாயக் கூடத்தைத் திறந்துவிட வேண்டும். கழிப்பறை அங்கேதான் இருக்கிறது. தமிழ்நாடு 2020 அக்டோபரிலேயே ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்துக்குள் வந்துவிட்டதால், அவர்கள் அட்டையோடு வந்தால் இங்கேயே அரிசி வாங்கலாம். ஏஜென்டுக்குச் சேதி சொல்லி அழைத்துவந்ததற்கு ஒரு தொகை, நாம் தனியாகக் கொடுத்துவிடலாம். ஆளின் கூலியில் அவர் கை வைக்கக் கூடாது.

இந்த யோசனையை நடவுப் பெண்களுக்குத் தலைமை வகிக்கும் அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிப் பார்த்தேன். வரப்பில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்தபடியே கேட்டார்.

“வயலை எழுதிக் கொடுக்கிறீர்கள், சரி தம்பி. மழைக்குப் பயந்து எங்களுக்கு எழுதிய வயலில் அவர்களை இறக்கிவிட மாட்டீர்கள் என்று யார் உறுதி?”

“கூட்டத்தில் எழுதி வைக்கிறோம் அக்கா.”

“எழுதினதை எல்லாம் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் பொறுப்பீர்களா, அதைச் சொல்லுங்கள்.”

ஒரு வாரம் என்பது சம்பாவில் சின்னக் காலம் அல்ல. நான் நான்கு நாள் என்றேன், அவர் ஐந்து என்றார். ஐந்தில் நின்றது. அந்தப் பையன்களுக்கும் அதே கூலிதானா என்று கேட்டுக்கொண்டார். ஆமாம் என்றதும், “அப்படியென்றால் வரட்டும்” என்றார். தீர்மானம் கேட்டு முழங்கிய ஆண்கள் யாரும் இவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை. ஏக்கருக்கு 1,200 ரூபாய் கூடுதலாக ஏன் அழ வேண்டும் என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். 2025-26 பருவத்தில் கொள்முதல் நிலையத்தில் சாதாரண நெல்லுக்குக் குவிண்டால் 2,500 ரூபாய் போட்டார்கள்; 1,200 என்பது அரைக் குவிண்டாலுக்கும் குறைவு. நாள் தவறி நட்டு மழையில் இழப்பது அதைவிடப் பல மடங்கு. குத்தகைக்கு உழுகிறவர்களுக்கு இந்தப் பதில் போதாது, அவர்களுக்கு அரைக் குவிண்டாலும் பெரிது. அவர்களுக்கு மட்டும் மெஷின் வரிசையில் முதல் இடம் கொடுக்கலாம் என்று கேட்கப்போகிறேன். மேட்டு நிலம் வைத்திருக்கும் இரண்டு பெரிய கைகள் அதை எதிர்ப்பார்கள். ஏஜென்டிடம் ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் இருப்பவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். முதலில் அவர்கள் பெயரைக் கூட்டத்தில் கேட்க வேண்டும்.